தில்லிக் கோடையின் எளிய இன்பங்கள்: புதிதாகக் குடிவந்த தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பணிமாற்றம் பெற்று மார்ச், ஏப்ரல் மாதங்களில் தில்லிக்கு வந்துசேரும் தமிழ்க் குடும்பங்கள் மே மாதம் பிறந்ததும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கின்றன. கரோல் பாகிலும் பின்னர் ராமகிருஷ்ணபுரத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்ட கோடைகளைக் கழித்த அனுபவத்தில் அவற்றுக்கு இங்கே விடை தருகிறேன். இந்த ஊர் வெயில் வறண்ட வெயில். அந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி விடைகள் தாமாகவே புலப்படும்.

இங்கும் கத்திரி வெயில் மூன்றரை வாரத்தில் முடிந்துவிடுமா?

முடியாது. பஞ்சாங்கத்தின்படி அக்னி நட்சத்திரம் மே மாதத் தொடக்கத்தில் தொடங்கி அம்மாதக் கடைசி வாரத்தில் விடைபெற்றுவிடும். தில்லியிலோ ஏப்ரல் நடுவிலேயே தொடங்கும் கடும் வெயில், பருவமழை வரும்வரை ஓய்வதில்லை. அந்த மழை தில்லியை எட்டும் இயல்பான நாள் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை குறித்திருப்பது ஜூன் 27. இடையில் மேற்கிலிருந்து 'லூ' என்னும் அனல்காற்று வீசும். சமவெளிகளில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருந்தால், அல்லது 45 டிகிரியை எட்டிவிட்டால், வெப்ப அலை என்று அத்துறை அறிவிக்கும். அத்தகைய நாள்களில் வியர்வை தோன்றிய கணமே உலர்ந்துவிடுவதால், உடலிலிருந்து எவ்வளவு நீர் போகிறது என்பது நமக்கே தெரியாது. சென்னையில் சட்டை நனைந்து எச்சரிக்கும். இங்கே அந்த எச்சரிக்கை கிடையாது.

பள்ளி விடுமுறைக் கணக்கும் வேறு. தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசியில் தொடங்கும் விடுமுறை பொதுவாக ஜூன் தொடக்கத்தில் முடியும். தில்லிப் பள்ளிகள் மே இரண்டாம் வாரம் மூடி ஜூலையில் திறக்கும். ஆகவே, அத்தை பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் சேர்ந்திருக்க ஏறத்தாழ மூன்று வாரம்தான் வாய்க்கும். ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு திறக்கிறது. அந்த நாளைக் கோட்டைவிடாதீர்கள்.

வீட்டில் செய்யும் குல்ஃபி ஏன் நறநறவென்று பனிக்கட்டியாகிவிடுகிறது?

பாலில் உள்ள தண்ணீர்தான் காரணம். முழுக்கொழுப்புப் பாலில் கொழுப்பு 6 விழுக்காடும், கொழுப்பல்லாத திடப்பொருள் 9 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பது விதி. கடையில் கிடைக்கும் பசும்பால் பாக்கெட்டுகளை ஒப்பிட இதுவே கெட்டியானது. இதிலும் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீரே. ஐஸ்கிரீம் இயந்திரம் கலவையைக் கடைந்துகொண்டே உறையவைக்கிறது. அதனால் காற்று உள்ளே புகுகிறது, பனிப்படிகங்களும் பெரிதாக வளர்வதற்குள் உடைந்துபோகின்றன. குல்ஃபியை யாரும் கடைவதில்லை. படிகம் வளராமல் தடுக்கும் பொறுப்பு முழுவதும் அடுப்பின் மேல், நீங்கள் காய்ச்சும் அந்த ஒன்றேகால் மணி நேரத்தைச் சேர்ந்தது.

ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலை அடிகனமான, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, கொதி வந்தபின் தீயைத் தணித்து, ஓரங்களில் படியும் ஆடையை வழித்து வழித்துப் பாலிலேயே சேர்த்துக்கொண்டு, அரை லிட்டராகும்வரை காய்ச்சுங்கள். பிறகு 75 கிராம் சர்க்கரையைக் கரைத்துவிட்டால், கலவையில் தண்ணீரின் பங்கு 85இலிருந்து ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கும்; குல்ஃபியின் வழுவழுப்புக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். நான்கு ஏலக்காய், இளஞ்சூடான பாலில் ஊறவைத்த ஒரு சிட்டிகைக் குங்குமப்பூ, பொடியாக நறுக்கிய பிஸ்தா ஆகியவை போதும். காய்ச்சும்போது அடி பிடித்துவிட்டால் அந்தப் பாலைக் குல்ஃபிக்குப் பயன்படுத்தாதீர்கள். தீய்ந்த வாடை உறைந்தாலும் போகாது. அதைத் திரட்டுப்பாலாகக் கிளறிவிட்டு, வேண்டுமென்றே சற்று முறுகவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இருமுறை அப்படித்தான் நடந்தது.

இனி, அவசரம் கெடுக்கும் கட்டம். கலவை ஆறியதும் நேரே ஃப்ரீசரில் வைக்காமல், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று மணி நேரமாவது வைத்துக் குளிரவிடுங்கள். பிறகு சிறிய அச்சுகளில் ஊற்றி, வாயை மூடி, ஃப்ரீசரின் உட்புற மூலையில் வையுங்கள். சிறிய அளவு விரைவாக உறையும்; விரைவாக உறைந்தால் படிகங்கள் நுண்ணியவையாக அமையும். வீட்டு ஃப்ரீசர் ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் என்றாலும், 'உறைந்துவிட்டதா' என்று குழந்தைகள் மணிக்கு நான்கு முறை கதவைத் திறந்து பார்த்தால் அந்தக் குளிர் நிலைக்காது. இரவு வைத்து மறுநாள் பிற்பகல் எடுப்பதே எல்லோருக்கும் நிம்மதி. அச்சிலிருந்து எடுக்க வெந்நீர் வேண்டாம். இரு கைகளுக்கும் இடையே வைத்து மத்துக் கடைவதுபோல் உருட்டினால் கழன்றுவிடும்.

சர்க்கரை சிறிது குறைவாகப் படுகிறது என்று கூட்டிவிடலாமா?

சிறிதளவு கூட்டலாம். குளிர்ந்த பண்டத்தின் இனிப்பை நாக்கு குறைத்தே உணர்வதால், அடுப்பிலிருக்கும்போது ஒரு பங்கு தூக்கலாக இருப்பதுதான் சரி. ஆனால் சர்க்கரை உறைநிலையைத் தாழ்த்தும் தன்மையுடையது. அளவு மீறினால் குல்ஃபி எத்தனை மணி நேரமானாலும் கெட்டிப்படாமல் கொழகொழவென்று நிற்கும். கண்டென்ஸ்டு மில்க் சேர்ப்பவர்கள் சர்க்கரையை அறவே விட்டுவிட வேண்டும். அது அவசரத்துக்கு உதவும் குறுக்குவழி. சுண்டக் காய்ச்சிய பாலின் மணம் மட்டும் அதில் வராது.

மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது?

பழைய முறைக்குத் திரும்பலாம். ஒரு கிலோ நொறுக்கிய பனிக்கட்டிக்கு 300 கிராம் கல்லுப்பு என்ற கணக்கில் மண்பானையில் நிரப்பி, மூடிய தகரக் குப்பிகளை அதற்குள் புதைத்து, அவ்வப்போது பானையை ஆட்டிக்கொண்டிருந்தால் குல்ஃபி உறைந்துவிடும். உப்பு, பனிக்கட்டியைப் பூஜ்யத்துக்குக் கீழேயே உருகவைக்கிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அது குப்பியிலுள்ள பாலிலிருந்து இழுத்துக்கொள்கிறது. இந்த விகிதத்தில் கலவை மைனஸ் 20 டிகிரி வரை இறங்கக்கூடும். பள்ளியில் படித்ததைக் கண்ணெதிரே காட்ட இதைவிட இனிய பாடம் கிடையாது. வெடிமருந்துக்கு உதவும் வெடியுப்பைக் கொண்டு அக்பரின் அரண்மனையில் தண்ணீரைக் குளிரவைத்தார்கள் என்று அபுல் ஃபசல் 'ஆயின்-இ-அக்பரி'யில் எழுதியிருப்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

நம் ஊர் சேமியா ஐஸ் இங்கே கிடைக்குமா?

மிதிவண்டியில் பெட்டி கட்டிக்கொண்டு வந்த அந்தக் குச்சி ஐஸை நான் இங்கே எங்கும் பார்த்ததில்லை. வீட்டில் செய்துகொள்ளுங்கள்: அரை லிட்டர் பாலில் இரண்டு தேக்கரண்டி சோளமாவைக் கரைத்துக் காய்ச்சி, சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து, தனியே வேகவைத்து வடித்த சேமியாவை ஒரு கைப்பிடி கலந்து, குச்சி செருகி உறையவிட வேண்டும். சேமியா ஒரு நுனியில் திரண்டு நிற்க வேண்டும் என்பதற்காக அதை முதலில் அச்சின் அடியில் போட்டுப் பிறகு பாலை ஊற்றுவது எங்கள் வழக்கம். நினைவுக்காகச் செய்கிறோம் என்றால் நினைவிலுள்ள குறையும் அதில் இருக்கத்தானே வேண்டும்?

பால் சேர்க்காமல் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

ஃபால்சா. மே, ஜூன் மாதங்களில் சில வாரங்கள் மட்டுமே தள்ளுவண்டியில் வரும், மிளகைவிடச் சற்றே பெரிய, கருஞ்சிவப்புப் பழம் இது. புளிப்பும் துவர்ப்பும் கலந்தது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பலர் இதன் பெயரை அறியாமலே கடந்துபோய்விடுகிறார்கள். கால் கிலோ பழத்தைக் கழுவி, இரண்டு டம்ளர் தண்ணீரில் கையாலேயே பிசைந்து வடிகட்டி, சர்க்கரையும் ஒரு சிட்டிகைக் கறுப்பு உப்பும் சேர்த்து, அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். மிக்ஸியில் அடித்தால் விதை நொறுங்கிக் கசக்கும். முக்கால் மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கீறிவிட்டுக்கொண்டே வந்தால், நான்கைந்து கீறலில் ஊதா நிறப் பனித்தூளாகிவிடும். குல்ஃபியில் எந்த நறநறப்பைத் தவிர்க்கப் பாடுபட்டோமோ, அதுவே இங்கே சுவை.

தில்லியில் நல்ல மாம்பழம் எது?

இதற்கு ஒரு குறுநகையுடன்தான் விடை சொல்ல முடியும். ஏப்ரலிலிருந்து வண்டிகளில் குவியும் 'சஃபேதா' என்னும் மாம்பழத்தைப் பார்த்து, வடநாட்டுப் பழம் எப்படி இருக்குமோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. அது வேறு யாருமல்ல, ஆந்திரத்திலிருந்து நம்மைப் போலவே ரயிலேறியும் லாரியேறியும் வந்த பங்கனபள்ளிதான். ஜூனில் லக்னோவுக்கு அருகிலுள்ள மலிஹாபாத்தின் தசேரி வரத் தொடங்கும். நார் இல்லாத, மணமுள்ள, சிறிய பழம். அதன் பின்னால் பச்சைத் தோலுடனேயே பழுத்திருக்கும் லங்கடா. பருவத்தை முடித்துவைப்பது ஜூலையின் சௌசா. அதை நறுக்குவதைவிடக் கையால் மெல்லப் பிசைந்து, காம்பு முனையைக் கிள்ளி உறிஞ்சுவதே முறை. மாம்பழக் குல்ஃபிக்குச் சஃபேதாவின் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். தசேரியை உறையவைப்பது வீண், அதன் மணம் குளிரில் அடங்கிவிடும்.

வெயிலில் அலைந்துவிட்டு வருபவர்களுக்குப் பழச்சாற்றைவிட ஆம் பன்னாவே ஏற்றது. மாங்காயை வேகவைத்தோ சுட்டோ சதையைப் பிசைந்து, வறுத்த சீரகம், கறுப்பு உப்பு, புதினா, சர்க்கரை சேர்த்துக் கரைப்பார்கள். நம் பானகத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம்.

ஜிகர்தண்டாவுக்கு வேண்டிய பொருள்கள் கிடைக்குமா?

கிடைக்கும். நன்னாரி சர்பத்தை ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலும் கரோல் பாகிலும் உள்ள தென்னிந்தியப் பலசரக்குக் கடைகளில் கேளுங்கள். பாதாம் பிசின் கிடைக்காவிட்டால், தெருமுனைக் கடையிலும் கிடைக்கும் கோந்த் கதீரா அந்த இடத்தை நிரப்பும். இரண்டும் ஒன்றல்ல, முன்னது பாதாம் மரத்தின் பிசின், பின்னது முட்புதர் ஒன்றிலிருந்து வடிவது. ஆனால் ஒரு தேக்கரண்டியை இரவு முழுவதும் ஊறவைத்தால் இரண்டும் கிண்ணம் நிறையப் பளிங்குபோல் பொங்கி நிற்கும். சுண்டிய பால், பிசின், நன்னாரி, மேலே ஓர் உருண்டை ஐஸ்கிரீம். மதுரைக்காரர்கள் குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது டம்ளர் கேட்பார்கள்.

நுங்கு?

அதை மறந்துவிடுங்கள், வெட்டிய உடனே விரலால் நோண்டித் தின்னாத நுங்கு நுங்கே அல்ல. அந்தக் குளிர்ச்சிக்கு இங்கே ககடி இருக்கிறது: விரல்போல மெலிந்து நீண்ட இளம் வெள்ளரி. 'லைலாவின் விரல்கள், மஜ்னுவின் விலா எலும்புகள்' என்று கூவி விற்பது பழைய வண்டிக்காரர்களின் வழக்கம்.

ஐஸ்கிரீமுக்கும் 'ஃப்ரோசன் டெஸர்ட்'டுக்கும் என்ன வேறுபாடு?

உறையைத் திருப்பிப் படித்தால் தெரியும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஐஸ்கிரீம் என்ற பெயருக்குக் குறைந்தது 10 விழுக்காடு பால்கொழுப்பு வேண்டும். பால்கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயின் கொழுப்பைச் சேர்த்தால் அது ஃப்ரோசன் டெஸர்ட். இரண்டாவது உண்ணத் தகாதது அல்ல. ஆனால் இரண்டையும் ஒரே விலைக்கு வாங்குவது சரியல்ல.

தெருவண்டிப் பானங்களைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

உறையிட்ட ஐஸ்கிரீமைத் தாராளமாகக் கொடுக்கலாம். எலுமிச்சை பிழிந்த சிகஞ்சி, ஜல்ஜீரா ஆகியவற்றில் கவலைப்பட வேண்டியது பானத்தைப் பற்றியல்ல, அதில் மிதக்கும் பனிக்கட்டியைப் பற்றி. அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று வண்டிக்காரருக்கே தெரியாது.

மாடியில் வடாம் போடலாமா?

அவசியம் போடுங்கள். சென்னையின் கடல்காற்றில் மூன்று நாள் காயும் ஜவ்வரிசி வடாம், தில்லியின் மே மாதத்தில் ஒன்றரை நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதற்கும், கூலர் காற்று குளிர்வதற்கும், வடாம் காய்வதற்கும் காரணம் ஒன்றுதான். வறண்ட காற்று ஈரத்தைக் கண்ட இடத்தில் உறிஞ்சிக்கொள்கிறது. ஜூலையில் மழை வந்து காற்று ஈரமானதும் இம்மூன்றும் ஒன்றாகவே கைவிட்டுவிடும்.

என்னைக் கேட்டால், தில்லித் தமிழரின் கோடையில் இதற்கு இணையான நட்புக் கூட்டம் வேறில்லை. முதல்நாள் இரவே ஜவ்வரிசியை ஊறவைத்து, அதிகாலை நான்கரை மணிக்குக் கூழ் கிளறி, பச்சை மிளகாயும் எலுமிச்சையும் பெருங்காயமும் சேர்த்து, ஐந்தரை மணிக்கு நாலைந்து வீட்டார் மாடியில் கூடி, வெளுத்த வேட்டியை விரித்துக் கரண்டி கரண்டியாக ஊற்றி, ஏழு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். எஞ்சிய கூழைக் கிண்ணத்தில் போட்டு நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிடுவதற்காகவே எழுந்து வரும் பிள்ளைகள் உண்டு. காக்கைக்குக் காவல் என்ற பெயரில் பாதி காய்ந்த வடாமைத் தின்று தீர்ப்பவர்களும் அவர்களே. ஒரே ஓர் எச்சரிக்கை: மாலையில் ஆந்தி என்னும் புழுதிப்புயல் சொல்லாமல் வரும். மேற்கு வானம் செம்மண் நிறமானால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு மாடிக்கு ஓடுங்கள். கரோல் பாகில் ஒருமுறை நாங்கள் பத்து நிமிடம் தாமதித்து ஓடினோம். அந்த ஆண்டு வடாமைப் பொரித்தபோது ராஜஸ்தானத்து மணல் பல்லில் கடிபட்டது.

நண்பர்களுடன் எங்கே போகலாம்?

எங்கே என்பதற்கு முன்னால் எப்போது என்று முடிவு செய்யுங்கள். காலை எட்டரைக்கு முன்பும் இரவு எட்டுக்குப் பின்பும்தான் இந்த ஊர் கோடையில் மனிதர்களுக்குச் சொந்தம்.

காலைக்கு லோதி தோட்டம். 1936இல் லேடி வில்லிங்டன் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டு, விடுதலைக்குப் பின் பெயர் மாறிய 90 ஏக்கர் தோட்டம் இது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஐந்தரை மணிக்குப் போனால், சிக்கந்தர் லோதியின் கல்லறையைச் சுற்றியுள்ள மரங்களில் கிளிகளும் மயில்களும் போடும் கூச்சலைத் தவிர வேறு சத்தம் இராது. ஒரு வீட்டார் தயிர்சாதம், ஒரு வீட்டார் மாவடு, இன்னொரு வீட்டார் ஃபிளாஸ்கில் காப்பி என்று பிரித்துக்கொண்டால் பை கனக்காது. 2018இல் திறக்கப்பட்ட, ஹுமாயூன் கல்லறைக்கு அடுத்துள்ள சுந்தர் நர்சரியும் நல்ல இடம். அங்கே கட்டணம் உண்டு.

நடுப்பகலில் வெளியே போய்த்தான் தீரவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள், திங்கட்கிழமை விடுமுறை. குளிரூட்டிய கூடத்தில், சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் முன்னால் நின்றுகொண்டு வெளியே 44 டிகிரி என்பதை மறக்கலாம். ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்கு மட்டும் பொழுது சாய்ந்தபின் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பகலில் அந்தக் கற்படிகளில் ஏறுவது முருகனுக்கான நேர்த்திக்கடனாக இருந்தாலொழிய வேண்டாத வேலை.

மாலையில் ஒருநாளைப் பழைய தில்லிக்கு ஒதுக்குங்கள். மெட்ரோவில் சாவ்டி பஜார் நிலையத்தில் இறங்கி, சீதாராம் பஜாரின் சந்துகளில் வழிகேட்டுக்கொண்டே போனால் குரேமல் மோகன்லால் குல்ஃபிக் கடை வரும். மாம்பழத்தின் கொட்டையைப் பழம் சிதையாமல் நீக்கி, அந்தக் குழியில் குல்ஃபிப் பாலை ஊற்றி முழுப்பழமாகவே உறையவைத்து, தோலைச் சீவி வட்டமாக நறுக்கித் தருவார்கள். அதைத் தின்றுவிட்டு வந்த அன்றிரவே வீட்டில் முயன்று பார்த்து, பழத்தைக் கிழித்துக்கொண்ட அனுபவம் எங்கள் நண்பர் குழுவில் ஏறத்தாழ எல்லோருக்கும் உண்டு.

இரவு என்றால் இந்தியா கேட். சாப்பாடு முடிந்து பத்து மணிக்குக் குடும்பம் குடும்பமாகப் புல்தரையில் வந்து உட்காருவது தில்லிவாசிகளின் நெடுநாள் வழக்கம். ஐஸ்கிரீம் வண்டிகள் இப்போது தங்களுக்கென ஒதுக்கிய இடங்களில் நிற்பதால் சிறிது நடக்க வேண்டும்; அதுவும் நல்லதே. ஐஸ் வாங்கியதும் பேச்சை நிறுத்திவிடுங்கள். இரவு பத்தரைக்கும் 36 டிகிரி இருக்கும் ஊரில் குச்சியிலிருந்து அது முழங்கைக்கு வழிய இரண்டு நிமிடம் போதும்.

ஐஸ் சாப்பிட்டால் சளி பிடிக்குமா?

சளி வைரஸால் வருகிறது, குளிர்ச்சியால் அல்ல. பாட்டி ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டால் மட்டும் 'சாப்பிடவில்லை' என்று சொல்லிவிடுங்கள்.

வயதானவர்களை இந்தக் கோடையில் வரவழைக்கலாமா?

வெயிலுக்குப் பழகும்வரை முதல் ஒரு வாரம் பகலில் வெளியே அழைத்துச் செல்லாதீர்கள். தாகம் எடுக்காவிட்டாலும் மணிக்கொரு முறை நீர்மோரோ உப்பிட்ட எலுமிச்சைச் சாறோ கொடுங்கள். தலைச்சுற்றல், குழப்பமான பேச்சு, வியர்வை நின்று தோல் கொதிப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடலை நனைத்துக் காற்றுப்படச் செய்துகொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நினைவு மங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அவர்களின் வசதிக்கு ஏற்ற மாதம் வேண்டுமென்றால் ஜூன் கடைசியில் வரச் சொல்லுங்கள். ஓரிரு மழை பெய்திருக்கும். புது தில்லியின் அகன்ற சாலையோரங்களில் நாவல் மரங்கள் பழுத்து உதிரத் தொடங்கியிருக்கும். மரத்தடியில் விரிப்பைக் கட்டிப் பழம் உலுக்குபவர்களிடம் ஒரு பொட்டலம் வாங்கி உப்புத் தூவிக் கையில் கொடுத்தால், ஔவைப் பாட்டி கதையை அவர்களே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.